கிராஃப் தாளில் ஒரு வேவு விமானம்: எஸ்.ஆர்.-71 பறந்த குறுகிய சந்தினை நீங்களே வரைவது எப்படி?

தர்மபுரியில் பிளஸ் டூ மாணவர்களுக்குச் சனிக்கிழமைகளில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். வேகம் ஒலியைப் போல எத்தனை மடங்கு என்று சொல்லும் மாக் எண்ணை விளக்க வேண்டிய ஒரு நாளில், பிள்ளைகளுக்குப் பிடிக்குமே என்று அமெரிக்காவின் எஸ்.ஆர்.-71 வேவு விமானத்தை எடுத்துக்கொண்டேன். ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர், விமானம் பறந்தது மாக் 3.2, ஆகவே அதன் வேகம் மணிக்கு 3,917 கி.மீ. என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன். பாலக்கோட்டிலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து, "சார், அந்த விமானத்தோட உலக சாதனையே 3,529 கி.மீ.தான்னு போட்டிருக்கு. சாதாரணமா பறக்கிற வேகம் எப்படி சார் சாதனையை விட அதிகமா இருக்கும்?" என்று கேட்டாள். அவள் சொன்ன எண் சரியானது. 1976 ஜூலை 28 அன்று பதிவான அந்தச் சாதனை 3,529.6 கி.மீ. தவறு என் கரும்பலகையில் இருந்தது. தரையில் உள்ள ஒலிவேகத்தை எடுத்துக்கொண்டுபோய் 24 கி.மீ. உயரத்தில் பறக்கும் விமானத்துக்குப் பொருத்தியிருந்தேன்.

அடுத்த வாரம் அதே வகுப்பில் ஒரு கிராஃப் தாளை வைத்துக்கொண்டு இந்த விமானத்தின் பறப்பு எல்லையை முழுவதும் வரைந்தோம். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அதிவேக வேவு விமானங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் வேகத்தை ஒரே ஓர் எண்ணாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். காற்றின் மெலிவு ஒரு பக்கமும், அதன் அழுத்தம் இன்னொரு பக்கமும், வெப்பம் எதிரிலுமாக நின்று நெருக்கும் ஒரு குறுகிய சந்துக்குள்தான் அந்த விமானம் பறந்தது. சந்தை வரைந்துவிட்டால் வேகம் தானாகவே அதன் கோடியில் வந்து நிற்கும்.

தேவையானவை ஒரு கிராஃப் தாள், வர்க்கமூலம் போடத் தெரிந்த ஒரு கால்குலேட்டர், தமிழ்நாட்டுச் சாலை வரைபடம், ஒரு காம்பஸ் ஆகியவை. கைபேசியில் உள்ள கால்குலேட்டரே போதும். இவற்றுடன், உலகெங்கும் விமானப் பொறியாளர்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் சீர்நிலை வளிமண்டல அட்டவணையிலிருந்து சில வரிகள் வேண்டும். அவற்றை இங்கேயே தந்துவிடுகிறேன். முதல் எண் உயரம், அடுத்தது கெல்வினில் வெப்பநிலை, மூன்றாவது ஒரு கன மீட்டர் காற்றின் எடை கிலோகிராமில்.

தரை மட்டம்: 288, 1.225
6 கி.மீ.: 249, 0.660
11 கி.மீ.: 217, 0.365
15 கி.மீ.: 217, 0.195
20 கி.மீ.: 217, 0.0889
24 கி.மீ.: 221, 0.0469
26 கி.மீ.: 223, 0.0343

கணக்குக்குப் போவதற்கு முன் இந்த அட்டவணையைச் சற்று நேரம் பாருங்கள். பதினொன்றிலிருந்து இருபது கி.மீ. வரை வெப்பநிலை மாறாமல் நிற்பதையும், அதற்கு மேல் மெல்ல ஏறுவதையும் கவனிக்க வேண்டும். அடர்த்தியோ நிற்காமல் சரிந்துகொண்டே போகிறது, 24 கி.மீ. உயரத்தில் உள்ள காற்று தரையில் உள்ளதில் இருபத்தாறில் ஒரு பங்குதான்.

முதல் கணக்கு ஒலிவேகம். கெல்வினில் உள்ள வெப்பநிலைக்கு வர்க்கமூலம் எடுத்து 20.05-ஆல் பெருக்கினால், நொடிக்கு எத்தனை மீட்டர் என்பது கிடைக்கும். தரையில் 340 வரும். 24 கி.மீ. உயரத்தில் 298 வரும். ஒலிவேகம் வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது என்பதால், குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகிறது. மாக் 3.2 என்பது அங்கே நொடிக்கு 954 மீட்டர், அதாவது மணிக்கு 3,433 கி.மீ. என்றாகிறது. இந்த விடை சரிதானா என்று பார்க்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. 1990 மார்ச் 6 அன்று ஓர் எஸ்.ஆர்.-71, லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வாஷிங்டன் வரையிலான சுமார் 3,700 கி.மீ. தொலைவை 64 நிமிடம் 20 நொடியில் கடந்தது. அதை நிமிடத்துக்கு வகுத்தால் 57.5 கி.மீ.; நம் கணக்கில் வருவது 57.2. கரும்பலகையில் நான் எழுதிய எண்ணை வகுத்தால் 65-க்கு மேல் போய்விடும். தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு நேர்க்கோட்டுத் தொலைவு சுமார் 44 கி.மீ. என்பதால், அந்த வேகத்தில் 46 நொடி ஆகும். பேருந்து நிலையத்தை விட்டு வண்டி வெளியே வருவதற்குள் அந்தப் பயணம் முடிந்துவிடும்.

இனி, சந்தின் இரண்டு சுவர்கள். இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள் என்பதால் நிதானமாகப் போவோம். சேலம் பேருந்தில் சன்னலோர இருக்கையில் உள்ளங்கையை விரித்துக் காற்றுக்குக் காட்டினால் ஒரு தள்ளு விழுகிறதல்லவா? விமானத்தின் இறக்கைக்குத் தெரிவது அந்தத் தள்ளு மட்டும்தான். தரையைப் பொறுத்து விமானம் எத்தனை கி.மீ. வேகத்தில் போகிறது என்பது அதற்குத் தெரியாது. காற்று மெலிந்திருந்தால் அதே தள்ளு கிடைப்பதற்கு அதிக வேகம் வேண்டும். மேலே விழுகிற தள்ளைத் தரைமட்டக் காற்றில் எந்த வேகம் தரும் என்று கணக்கிட்டுச் சொல்வதை விமானிகள் சமான வேகம் என்ற பொருளில் குறிப்பிடுகிறார்கள். அதைக் கண்டுபிடிக்க, அந்த உயரத்தின் அடர்த்தியை 1.225-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, உண்மை வேகத்தோடு பெருக்க வேண்டும். 24 கி.மீ. உயரத்தில் மாக் 3.2-க்கு இதைப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 187 மீட்டர், அதாவது மணிக்கு 672 கி.மீ. என்று வரும். மணிக்கு 3,433 கி.மீ. வேகத்தில் பாயும் அந்த விமானத்தின் இறக்கை, ஒரு பயணிகள் விமானம் தாழ்வாக முழு வேகத்தில் பறந்தால் உணரும் அளவு தள்ளைத்தான் உணர்கிறது. என் மாணவர்களில் பாதிப் பேர் இந்த விடையை நம்பாமல் இரண்டாம் முறை போட்டுப் பார்த்தார்கள்.

விமானிகள் சமான வேகத்தை நாட் என்ற அலகில் சொல்வதால், நொடிக்கு மீட்டரில் வந்த விடையை 1.94-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். எஸ்.ஆர்.-71-இன் வழக்கமான அதிவேகப் பறப்பில் இந்தத் தள்ளு 310 நாட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, 450 நாட்டுக்கு மேலே ஏறவும் கூடாது. கீழ் எல்லையைத் தாண்டினால் தூக்குவிசை போதாமல் மூக்கை மேலும் மேலும் உயர்த்த வேண்டியிருக்கும்; முக்கோண இறக்கையும், தனி வால் இறக்கை இல்லாத அமைப்பும் கொண்ட இந்த விமானம் மூக்கை ஓரளவுக்கு மேல் உயர்த்தினால் கட்டுக்குள் நிற்காது. மேல் எல்லையைத் தாண்டினால் காற்றின் அழுத்தம் மெல்லிய உடற்கூட்டைப் பிய்க்கப் பார்க்கும்.

கிராஃப் தாளில் கிடைக்கோட்டில் மாக் எண்ணையும் செங்குத்துக் கோட்டில் உயரத்தையும் குறியுங்கள். ஒவ்வொரு மாக் எண்ணுக்கும் சமான வேகம் 450 நாட் ஆகும் உயரத்தில் ஒரு புள்ளி, 310 ஆகும் உயரத்தில் ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டு போங்கள். மாக் 1-இல் அவை சுமார் 6 கி.மீ., 11 கி.மீ. உயரங்களில் விழும். மாக் 2-இல் 15-க்கும் 20-க்கும் ஏறும். மாக் 3-இல் 20-க்கும் 25-க்கும். மாக் 3.2-இல் 21-க்கும் 26-க்கும். புள்ளிகளை இணைத்தால் வலப்புறம் சாய்ந்து மேலேறும் ஒரு பட்டை கிடைக்கும். எந்த இடத்திலும் அதன் உயரம் ஐந்து கி.மீ. அளவே. அட்டவணையில் இல்லாத உயரங்களுக்கு இடைப்பட்ட எண்ணை உத்தேசமாக எடுத்துக்கொள்ளலாம். கோடு கொஞ்சம் நெளியும், அதனால் பாதகமில்லை. வேகமாகப் போக வேண்டுமானால் உயரே போயாக வேண்டும், உயரே நிற்க வேண்டுமானால் வேகமாகப் போயாக வேண்டும் என்ற இரட்டைக் கட்டாயம் இந்தப் பட்டையின் சாய்விலேயே தெரிகிறது. சாதனை உயரமாகப் பதிவானது 25,929 மீட்டர் என்பதையும், நம் பட்டையின் மேல் சுவர் மாக் 3.2-இல் 26 கி.மீ. அருகே முட்டுவதையும் சேர்த்துப் பாருங்கள்.

விமானம் இந்தச் சந்துக்குள் நுழைகிற இடத்தில் ஒரு சின்ன வளைவையும் வரைய வேண்டும். ஒலிவேகத்தை ஒட்டிய இடத்தில் காற்றின் இழுவை திடீரென்று கூடுகிறது. வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு கனத்துப்போன விமானம் அந்த மேட்டை உந்துவிசையால் மட்டும் தாண்டத் திணறும். ஆகவே விமானி சுமார் 10 கி.மீ. உயரத்துக்கு ஏறி, மூக்கைத் தாழ்த்திச் சற்றுச் சரிந்து, அந்தச் சரிவில் ஒலிவேகத்தைக் கடந்து, பிறகு 450 நாட் கோட்டை ஒட்டியே ஏறத் தொடங்குவார். தொப்பூர் இறக்கத்தில் லாரி தானாகவே வேகம் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே ஓட்டுநர் எதை அஞ்சுகிறாரோ, இங்கே விமானி அதையே வேலைக்கு வைத்துக்கொள்கிறார்.

அடுத்து, சந்தை வலப்புறம் அடைக்கும் சுவர். அது வெப்பம். இதற்கு முன் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். விமானம் காற்றில் உராய்வதால் சூடாகிறது என்றே பல பாடப் புத்தகங்களும் காணொலிகளும் சொல்கின்றன. உராய்வுக்கும் பங்கு உண்டு. ஆனால் எதிரே வரும் காற்று தப்பிக்க வழியின்றி நெருக்கப்படுவதுதான் அடிப்படைக் காரணம். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு நாலைந்து தடவை வேகமாக அடித்துவிட்டுக் குழாயின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். வகுப்பில் இதைச் செய்தபோது ஒரு பையன், "பிஸ்டன் உரசித்தானே சார் சூடாகுது?" என்று விடாமல் கேட்டான். பிஸ்டன் குழாய் முழுக்கத்தான் உரசுகிறது, ஆனால் காற்று நெருங்கி நிற்கும் அடிப்பகுதிதான் அதிகம் சுடுகிறது என்பதை அவனையே தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

இதற்கான சூத்திரம் எளிமையானது. மாக் எண்ணை வர்க்கமாக்கி, 0.2-ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, சுற்றுக் காற்றின் வெப்பநிலையோடு பெருக்க வேண்டும். மாக் 3.2-க்கு 10.24, பிறகு 2.048, பிறகு 3.048, அதை 221-ஆல் பெருக்கினால் 674 கெல்வின். 273-ஐக் கழித்தால் சுமார் 400 டிகிரி செல்சியஸ். வெளியே உறைபனிக்குக் கீழே ஐம்பது டிகிரிக்கும் மேல் குளிர், விமானத்தின் முன்வாயில் நிற்கும் காற்றுக்கு 400 டிகிரி. எஞ்சினின் அமுக்கிக்குள் நுழையும் காற்று 427 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது இந்த விமானத்துக்கு விதிக்கப்பட்ட வரம்பு. மாக் 3.3-க்கு அதே கணக்கைப் போடுங்கள். 429 வருகிறது. ஆக, இந்த விமானத்தின் உச்ச வேகத்தை முடிவு செய்தது எஞ்சினின் வலிமை என்று சொல்வதைவிட, எஞ்சின் தாங்கும் சூடு என்று சொல்வதே பொருத்தம். இன்னும் ஒரு படி போய்ப் பாருங்கள். மேலே காற்று அன்றைக்கு வழக்கத்தைவிட 10 டிகிரி கூடுதலாக இருந்தால், 221-க்குப் பதில் 231 போட வேண்டும். அப்போது மாக் 3.2-லேயே 431 வந்துவிடும். அன்று விமானி வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். கிராஃப் தாளில் மாக் 3.2-இல் ஒரு செங்குத்துக் கோட்டையும், 3.3-இல் விட்டுவிட்டு ஒரு கோட்டையும் போட்டால் சந்து முழுமையாகிவிடும்.

இந்தச் சூடுதான் விமானத்தின் மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது. அலுமினியம் அந்த வெப்பத்தில் வலுவிழந்துவிடும் என்பதால் கெல்லி ஜான்சனின் தலைமையில் லாக்ஹீட் நிறுவனத்தார் உடற்கூட்டின் பெரும்பகுதியை டைட்டானியத்தில் கட்டினார்கள். 1964 டிசம்பர் 22 அன்று முதன்முதலாகப் பறந்த அந்த விமானத்தின் நீளம் 32.7 மீட்டர். டைட்டானியம் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் ஒரு கோடியில் தொண்ணூறு பங்கு நீளும் என்றும், உடல் முழுவதும் சராசரியாக 250 டிகிரி சூடேறியது என்றும் வைத்துக்கொண்டால், விமானம் ஏழு சென்டிமீட்டருக்கும் மேல் நீண்டுவிடும். அதற்கு இடம் விட்டுக் கட்டியதால் தரையில் நிற்கும்போது எரிபொருள் தொட்டியின் இணைப்புகளில் கசிவு இருந்தது. கசிந்து தீர்ந்ததால்தான் கிளம்பியவுடன் வானில் எரிபொருள் நிரப்பினார்கள் என்று ஒரு கதை பரவலாக உலவுகிறது. அது பொருந்தாது. முழுத் தொட்டி என்பது சுமார் 36 டன். அத்தனை எடையோடு ஓடுதளத்தில் ஓடும்போது ஓர் எஞ்சின் நின்றுவிட்டால் தப்பிப்பது கடினம் என்பதால் குறைந்த எரிபொருளோடு கிளம்பி, மேலே போய் நிரப்பிக்கொள்வார்கள்.

நம் விமானப் படையிடம் இருந்த மிக்-25 வேவு விமானத்தை இதே தாளில் வேறு நிறத்தில் போட்டுப் பார்க்கலாம். 1981-இல் பரேலியில் சேர்க்கப்பட்டு 2006-இல் ஓய்வு பெற்ற அந்த விமானத்துக்கு மாக் 2.83 என்று வரம்பு வைத்திருந்தார்கள். 20 கி.மீ. உயரத்தின் 217 கெல்வினை வைத்துச் சூத்திரத்தில் போட்டால் சுமார் 292 டிகிரி வருகிறது. எஸ்.ஆர்.-71-ஐவிட நூறு டிகிரிக்கும் மேல் குறைவு. அதனால்தான் சோவியத் பொறியாளர்களால் டைட்டானியத்தைத் தேடி அலையாமல் சுமார் 80 சதவீதம் எஃகிலேயே அதைப் பற்றவைத்துக் கட்ட முடிந்தது. மாக் எண்ணில் 0.4 என்பது சிறிய வித்தியாசமாகத் தெரியலாம். சூத்திரத்தில் அது வர்க்கமாகி வருவதை மறந்துவிடக் கூடாது. அந்த விமானத்தை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் டெல்லியில் பாலம் என்ற பகுதியில் உள்ள விமானப் படை அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.

இப்போது கிராஃப் தாளை ஒதுக்கிவிட்டுத் தமிழ்நாட்டு வரைபடத்தை விரியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வேகத்தை வர்க்கமாக்கி, 9.8-ஆலும் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட்டாலும் வகுத்தால், திரும்பும் வட்டத்தின் ஆரம் கிடைக்கும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும் பைக் 30 டிகிரி சாய்ந்து திரும்பினால் ஆரம் சுமார் 12 மீட்டர், நாற்சந்தியிலேயே திரும்பிவிடலாம். அதே 30 டிகிரி சாய்வில், நொடிக்கு 954 மீட்டர் வேகத்தில் திரும்பும் எஸ்.ஆர்.-71-க்கு ஆரம் 161 கி.மீ. வேகம் 114 மடங்கு, வட்டமோ பதின்மூன்றாயிரம் மடங்கு. விமானம் தர்மபுரிக்கு நேர் மேலே கிழக்கு நோக்கி வந்து, அங்கே வலப்புறம் திரும்பத் தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். தர்மபுரிக்கு நேர் தெற்கே 161 கி.மீ. தொலைவில் காம்பஸின் முள்ளை ஊன்றி அரைவட்டம் போடுங்கள். பென்சில் திருவாரூர் அருகே போகும்போது விமானம் தெற்கு நோக்கியிருக்கும். மேற்கு நோக்கி நிமிரும்போது அருப்புக்கோட்டையைத் தாண்டி விளாத்திகுளத்துக்கு வடக்கே வந்திருக்கும். அந்த அரைவட்டத்துக்கு ஒன்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். இன்னும் அதிகமாகச் சாய்ந்து வட்டத்தைச் சுருக்கலாமே என்று கேட்பீர்கள். சாய்ந்தால் தூக்குவிசையில் ஒரு பகுதி பக்கவாட்டில் போய்விடும். மிச்சத்தை ஈடுகட்ட மூக்கை உயர்த்த வேண்டும். சந்தின் மேல் சுவருக்கு அருகே பறக்கும் விமானத்துக்கு அப்படி உயர்த்த இடமே கிடையாது. சண்டை விமானங்களைப் போல இது வானில் குட்டிக்கரணம் போடுவதாகக் காட்டும் காணொலிகளை இனிமேல் நீங்கள் நம்ப மாட்டீர்கள். இந்தக் காரணத்தால்தான் பயணத்தின் ஒவ்வொரு திருப்பமும் தரையிலேயே திட்டமிடப்பட்டது. இறங்குவதைக்கூடச் சில நூறு கி.மீ. முன்பே தொடங்க வேண்டியிருந்தது.

கணக்கில் எளிதாகப் பிடிபடாத ஒரு பகுதியும் உண்டு. அது எஞ்சினின் வாய். ஜே-58 எஞ்சினால் ஒலியைவிட வேகமாகப் பாயும் காற்றை நேரடியாக விழுங்க முடியாது. ஆகவே வாயின் நடுவே ஒரு பெரிய கூம்பை வைத்தார்கள். மாக் 1.6-க்கு மேல் வேகம் கூடக் கூட அந்தக் கூம்பு பின்னோக்கி நகரும். முழு வேகத்தில் மொத்தம் 66 சென்டிமீட்டர் பின்னே போயிருக்கும். கூம்பின் நுனியிலிருந்து கிளம்பும், காற்றைத் திடீரென்று நெருக்கும் அதிர்ச்சி அலைகளை வரிசையாக அடுக்கி, கடைசி அலையை வாய்க்குள் சரியான இடத்தில் பிடித்து நிறுத்துவதுதான் அதன் வேலை. காற்று அங்கே வேகம் குறைந்து நெருங்குகிறது. மாக் 3-க்கு மேல் விமானத்தை முன்னே தள்ளும் விசையில் பாதிக்கும் மேல் இந்த வாயின் அமைப்பிலிருந்தே கிடைத்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த அலை பிடி நழுவி வெளியே வந்துவிட்டால் அந்தப் பக்கத்து உந்துவிசை ஒரு நொடியில் சரிந்து, விமானம் அந்தப் பக்கமாக வெட்டித் திரும்பும். விமானியின் தலைக்கவசம் கண்ணாடியில் மோதும் அளவுக்கு அது முரட்டுத்தனமானது.

1966 ஜனவரி 25 அன்று நடந்ததை நம் தாளில் ஒரு புள்ளியாகக் குறிக்கலாம். சோதனை விமானி பில் வீவர் மாக் 3.18 வேகத்தில், சுமார் 24 கி.மீ. உயரத்தில், 35 டிகிரி சாய்ந்து வலப்புறம் திரும்பிக்கொண்டிருந்தார். வேகப் பறப்பில் தூக்குவிசையின் மையம் பின்னே நகரும் என்பதால், எரிபொருளைப் பின் தொட்டிகளுக்கு மாற்றி எடையின் மையத்தையும் பின்னே கொண்டுபோவது வழக்கம். அன்று இழுவையைக் குறைக்கும் சோதனைக்காக அதை வழக்கத்தைவிட இன்னும் பின்னே வைத்திருந்தார்கள். அதனால் நிலைத்தன்மை குறைந்திருந்தது. வலப்பக்க வாயில் அலை நழுவியது. விமானம் மேலும் சாய்ந்து, மூக்கு உயர்ந்து, சில நொடிகளில் அவரைச் சுற்றியே உடைந்து சிதறியது. அழுத்த உடை காப்பாற்றியதால் வீவர் பாராசூட்டில் உயிரோடு இறங்கினார். உடன் பறந்த ஜிம் ஸ்வேயர் உயிரிழந்தார். அந்தப் புள்ளியை வைத்துப் பாருங்கள். அது சந்தின் நடுவில்தான் விழுகிறது. சுவர்களுக்கு உள்ளே இருந்துகொண்டே, சாய்வு, எடை மையம், எஞ்சின் வாய் என்று மூன்று சிறிய குறைகள் ஒரே நேரத்தில் சேர்ந்ததால் விமானம் போயிற்று. கட்டப்பட்ட 32 எஸ்.ஆர்.-71 விமானங்களில் 12 விபத்துகளில் அழிந்தன. எதிரியால் சுட்டு வீழ்த்தப்பட்டது ஒன்றும் இல்லை.

ஓசையையும் கணக்கிட்டுவிடலாம். 2020 மே மாதம் பெங்களூரில் கேட்ட பெரும் வெடியோசை ஒலிவேகத்தைக் கடந்த சோதனை விமானத்தால் வந்தது என்று பாதுகாப்புத் துறை விளக்கம் தந்தது பலருக்கு நினைவிருக்கும். எஸ்.ஆர்.-71 நம் தலைக்கு மேல் போனால் அந்த ஓசை எப்போது கேட்கும்? மாக் எண்ணின் வர்க்கத்தில் ஒன்றைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, உயரத்தோடு பெருக்குங்கள். 3.04 பெருக்கல் 24 என்றால் 73 கி.மீ. விமானம் தர்மபுரியிலிருந்து ஓசூர்ப் பக்கம் போவதாகக் கொண்டால், நேர்க்கோட்டில் அந்தத் தொலைவு சுமார் 77 கி.மீ. ஆகவே தர்மபுரிக்காரர் வெடியோசை கேட்டு அண்ணாந்து பார்க்கும்போது, விமானம் ஓசூரை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். இடையில் ஒரு நிமிடமும் சில நொடிகளும் எந்த ஓசையும் இராது. மேலும் கீழும் வெப்பநிலை மாறுவதால் அலை சற்று வளையும். அதனால் விடை சில கி.மீ. முன்பின்னாக இருக்கலாம்.

கடைசியாக ஒரு புள்ளியைக் குறிக்கச் சொல்வேன். யு-2 வேவு விமானம் ஏறக்குறைய மாக் 0.7 வேகத்தில் 21 கி.மீ. உயரத்தில் பறக்கும். அதைக் குறித்தால் பட்டைக்கு வெகு இடப்புறத்தில், எந்தக் கோட்டோடும் ஒட்டாமல் தனியே நிற்கும். கணக்குத் தவறிவிட்டதோ என்று அழிக்க வேண்டாம். அங்கே அதன் சமான வேகத்தைப் போட்டுப் பாருங்கள்; மணிக்கு சுமார் 180 கி.மீ.தான் வரும். அந்தச் சிறிய தள்ளிலேயே மிதப்பதற்காக அதன் இன்றைய வடிவத்துக்கு 31 மீட்டர் அகல இறக்கை வைத்திருக்கிறார்கள். எஸ்.ஆர்.-71-இன் இறக்கை அகலம் 17 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. இரண்டு விமானங்களின் நிழலுருவையும் ஒரே அளவில் வெட்டி, அந்தந்தப் புள்ளியின் மீது ஒட்டிவையுங்கள். எங்கள் வகுப்புச் சுவரில் உள்ள தாளில் அந்தப் பாலக்கோட்டு மாணவி அப்படித்தான் ஒட்டியிருக்கிறாள், 3,917 என்று நான் எழுதிய எண்ணையும் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி, அதன் குறுக்கே ஒரு கோடும் போட்டு.